ஒரே இனத்து கவுன்சிலர்கிட்ட அனுப்பினா நிஜமாவே பலன் அதிகமா?

நீலா_மாஸ்டர்ஸ்:
வணக்கம் மக்களே, கலிஃபோர்னியால கவுன்சிலிங் படிக்கிறேன், இப்ப ஒரு கம்யூனிட்டி கிளினிக்ல பிராக்டிகம், அதாவது படிப்போட சேர்ந்த பயிற்சி. மெக்சிகன், வியட்நாமீஸ் குடும்பங்கதான் அதிகம் வர்றாங்க. இன்டேக் ஃபார்ம்ல (முதல் தடவை வர்றப்ப நிரப்பற படிவம்) பேரைப் பார்த்ததுமே "இது நம்ம லத்தீனா கவுன்சிலருக்கு"ன்னு தள்ளி விட்டுடறாங்க, எனக்கு அது உறுத்துது. கிளாஸ்ல மல்ட்டிகல்ச்சுரல் காம்பிடென்ஸ், அதாவது வேற கலாச்சார ஆளுங்களோட வேலை பாக்கற திறமைன்னு 1992 பேப்பர்ல இருக்கற 31 பாயின்ட்டையும் உருப்போட வெச்சாங்களே தவிர இதுக்கு யாரும் பதில் சொல்லல. ஆராய்ச்சி என்ன சொல்லுது? டெர்ம் பேப்பருக்கும் இதையே எடுக்கலாம்னு இருக்கேன்.

டேட்டாபுலி:
காப்ரல், ஸ்மித் ரெண்டு பேரும் 2011ல பண்ண மெட்டா அனாலிசிஸை (பல ஆய்வோட முடிவையும் ஒண்ணா சேர்த்துப் பாக்கறது) முதல்ல படிங்க. நம்ம ஆளா இருந்தா தேவலைன்னு கிளையன்ட்ஸ் நினைக்கிறாங்களான்னா ஆமா, எஃபெக்ட் சைஸ், அதாவது வித்தியாசம் எவ்வளவு பெருசுங்கற அளவு, 0.63. அப்படி கிடைச்ச கவுன்சிலரை நல்லவிதமா பாக்கறாங்களா, 0.32. சரி, கடைசில ஆள் தேறினாரா? 0.09, கிட்டத்தட்ட ஒண்ணுமே இல்ல 😅 கறுப்பின கிளையன்ட்ஸ் விஷயத்துல மட்டும் இது எல்லாமே கொஞ்சம் தூக்கலா இருக்கு, அதை விட்டுடாதீங்க.

சாந்தி_நியூஜெர்சி:
நீலா, இனத்தையும் மொழியையும் போட்டுக் குழப்பிக்காதம்மா. கிரைனர், ஸ்மித் 2006ல 76 ஆய்வை அலசினாங்க, தாய்மொழியில நடந்த சிகிச்சை இங்கிலீஷ்ல நடந்ததைவிட ரெண்டு மடங்கு பலன் குடுத்திருக்கு. நான் வேலை பாத்த இடத்துல ஒரு அம்மாவுக்கு அவங்க பையனே மொழிபெயர்ப்பாளர், ஆறாம் கிளாஸ் படிக்கிறான், புருஷன் அடிக்கிறதை அவ எப்படி அவன் வாயால சொல்லுவா? தலைவலின்னு மட்டும் சொல்லிட்டுப் போயிட்டா. ஆனா பேரைப் பார்த்து மொழியை முடிவு பண்றது சுத்த சோம்பேறித்தனம், கார்சியான்னு பேர் வெச்சவர் மூணு தலைமுறையா டெக்சஸ்ல இருந்து ஸ்பானிஷே வராதவரா இருக்கலாம்.

டேட்டாபுலி:
அக்கா சொன்னது கரெக்ட். இன்னொண்ணு, இந்த காம்பிடென்ஸ் ஸ்கேல்ல பாதிக்கு மேல கவுன்சிலர் தனக்குத்தானே மார்க் போட்டுக்கறதுதான், அதை நம்பி என்னத்த சொல்றது. டாவ் குழு 2015ல கிளையன்ட்ஸ் போட்ட மார்க்கை வெச்சு பாத்தாங்க, முன்னேற்றத்தோட 0.29 கோரிலேஷன் (ரெண்டும் எவ்வளவு சேர்ந்து போகுதுங்கற அளவு) வருது, பரவாயில்லதான். ஆனா ரெண்டு ஃபார்மையும் நிரப்பறது ஒரே ஆள்ங்கறதால, கவுன்சிலரைப் பிடிச்சுப்போச்சுன்னா ரெண்டுலயும் அள்ளிப் போடுவாங்க.

நீலா_மாஸ்டர்ஸ்:
செம, ரெண்டு பேருக்கும் நன்றி. அப்ப இன்டேக்ல நான் என்னதான் கேக்கறது அக்கா?

சாந்தி_நியூஜெர்சி:
மனநோய்களை வகைப்படுத்தற அமெரிக்க கையேடான டிஎஸ்எம்-5 கூடவே 2013ல வந்த கல்ச்சுரல் ஃபார்முலேஷன் இன்டர்வியூ இருக்கே, 16 கேள்வி. "இந்தப் பிரச்சனையை உங்க வீட்டு ஆளுங்ககிட்ட எப்படி சொல்லுவீங்க"ன்னு ஆரம்பத்துலயே ஒண்ணு வரும், அதுலயே பாதி கதை வந்துடும். கடைசி கேள்விதான் உனக்கு வேணும், நாம வேற வேற பின்னணி, அதனால சரியா புரிஞ்சுக்க மாட்டாங்களோன்னு கவலையா இருக்கான்னு நேரடியாவே கேக்குது. சூப்பர்வைசர் ஒத்துக்கிட்டா இன்டேக் ஃபார்ம்ல இந்த ரெண்டையும், கூடவே எந்த மொழியில பேசணும்னு ஒரு வரியும் சேர்த்துடு, யார்கிட்ட அனுப்பறதுன்னு அப்புறம் பாத்துக்கலாம்.