புதுப்பிப்பு: காரோ-கான் கேள்விக்கு என்ன ஆனது?

போன வாரம் கேட்டிருந்தேனே, கொழும்பு வெள்ளவத்தையில் நடந்த செஸ் போட்டியின் கடைசிச் சுற்றில், கறுப்புக் காயோடு காரோ-கான் என்ற தற்காப்புத் தொடக்கத்தை ஆடும் பையனை எப்படிச் சமாளிப்பது என்று? ஆட்டம் முடிந்தது. நீங்கள் சொன்ன மாதிரியே சிப்பாயை ஈ5 கட்டத்துக்குத் தள்ளினேன், அவன் மந்திரியை எஃப்5 இல் வைத்தான், உடனே நான் இன்னொரு சிப்பாயை எச்4க்குத் தள்ளினேன். 1961 உலகச் சாம்பியன் போட்டியில் போட்வின்னிக்கை எதிர்த்து டால் ஆடிய அதே நகர்த்தல். டாலுக்கு எதிரே எச்6 வந்தது, ஆனால் என் எதிரே இருந்த பையன் ரெண்டு செக்கன்கூட யோசிக்காமல் ஈ6 ஆடிவிட்டான்!

அப்புறம் என் சிப்பாய்கள் துரத்தின: ஜி4, மந்திரி ஈ4க்கு ஓட எஃப்3, ஜி6க்கு ஓட எச்5. பின்னால் திரும்பும் வழியை அவனுடைய ஈ6 சிப்பாயே அடைத்துவிட்டதால் மந்திரி போகிற போக்கில் சி2 சிப்பாயைக் கடித்துவிட்டு என் ராணியிடம் செத்தது. பையனுக்குக் காது சிவந்துவிட்டது.

சரி, வென்றேனா? இல்லை. ஒரு நிமிடத்துக்கும் குறைவாக நேரம் இருக்கும்போது, எச்8 மூலையில் தனியாக நின்ற அவன் ராஜாவுக்கு எதிரே ராணியை எஃப்7 இல் வைத்தேன். செக்கும் இல்லை, நகர இடமும் இல்லை, டிரோ. அவன் சிரித்துக்கொண்டே கை கொடுத்தான். வெளியே வந்து காலி வீதி என்ற பெரிய ரோட்டில் ஒரு பிளேன்டீ குடிக்கும்வரை நான் யாரோடும் பேசவில்லை.