இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்துப் பேச்சில் ராப்: நீங்கள் கண்டதைப் பகிருங்கள்

தலவாக்கலையான்:
என் சித்தப்பா மகன் ராப் எழுதுகிறவன். புறக்கோட்டையில் துணிக்கடையில் வேலை. கொழும்பில் ஒலிப்பதிவு நடந்தபோது நானும் கூட இருந்தேன். "பெரட்டுக்குப் போறப்ப பனி கொட்டுது" (பெரட்டு என்றால் காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் இடம்) என்று அவன் தொடங்கியதுமே பதிவு செய்கிறவர் நிறுத்தி, "தம்பி, எல்லாருக்கும் விளங்குற தமிழில பாடுங்கோ" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் தம்பி மறுபடி மைக் முன்னால் நின்றபோது வந்தது, கடையில் சேலை விரித்துக் காட்டும்போது அவன் பேசுகிற தமிழ். தோட்டத்துப் பிள்ளை என்று யாரும் கண்டுகொள்ளக் கூடாதென்று வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் பழக்கிக்கொண்ட குரல் அது. பாட்டு வெளியாகி நல்ல பெயரும் வாங்கியது. என்னால் அதை முழுதாகக் கேட்க முடிவதில்லை.

பதுளைப் பக்கம்:
தலவாக்கலை நண்பர் பேச்சை மட்டுமே பிடித்துக்கொள்கிறார். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் சிங்களம் கலந்துதான் பேசுகிறார்கள், அப்படியே பாடவும் செய்கிறார்கள்; அவர்களும் லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்த பிள்ளைகள்தாம். எனக்கு மறக்காதது தப்பு என்னும் பறை. திருவிழா மேடையில் ராப் பாட வந்த பையன்கள், தப்படிக்கும் பெரியவர் ஒருவரையும் சேர்த்துக்கொள்ள விரும்பினார்கள். கோயில் கமிட்டியில் ஒருவர் "சாவு வீட்டு மேளம் மேடைக்கு எதற்கு?" என்று கேட்டார். பெரியவர் அவருக்குப் பதிலே சொல்லவில்லை. மேடைக்குப் பின்னால் காய்ந்த மானாப்புல்லைக் கொளுத்தி, தோலை அனலில் காட்டிக் காட்டித் தட்டிப் பார்த்தபடி, "எவ்வளவு வேகம் வேணும், சொல்லு தம்பி" என்று பையனிடம் கேட்டார். தோட்டங்களில் ஆடும் காமன் கூத்துக்கு அடித்துப் பழகிய கை. கணினித் தாளம் அதற்கு ஈடாகவில்லை. தோட்டத்தை நடத்தும் தொரையைத் திட்டும் பாட்டுகள் நிறைய வருகின்றன. கமிட்டிக்காரர் கேட்ட அந்தக் கேள்வியைப் பற்றி ஒரு பாட்டும் நான் கேட்டதில்லை.

மஸ்கெலியா ஆசிரியை:
என் மாணவன் ஒருவன் கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் ராப் எழுதிவைத்திருந்தான். நான் பார்த்ததும் உள்ளங்கையால் மறைத்தான். அது இன்னும் உறுத்துகிறது.

எழுதும் தம்பிமாருக்குச் சில சொல்ல வேண்டும். எங்களை நாடற்றவர்களாக்கிய 1948 குடியுரிமைச் சட்டம், எங்களில் பலரை இந்தியாவுக்கு அனுப்ப இரு நாடுகளும் செய்த 1964 உடன்படிக்கை என்று வரலாற்றுப் பாடத்தை அப்படியே அடுக்காதீர்கள். உங்கள் குடும்பத்தில் யார் தலைமன்னாரில் கப்பலேறினார், யார் நின்றுவிட்டார் என்று எழுதுங்கள். 2021இல் உலகமே கேட்ட 'எஞ்சாயி எஞ்சாமி' பாட்டை எழுதிய தமிழக ராப் பாடகர் அறிவு, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டுத் தமிழகம் திரும்பிய தம் பாட்டி வள்ளியம்மாளின் கதையிலிருந்துதான் எழுதினார். அது திரும்பிப் போனவர்களின் பேரன் பாடியது; இங்கேயே நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் சென்னைப் பேச்சைக் கடன் வாங்கிப் பாட வேண்டியதில்லை. மலையக எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை நாட்டார் பாடல்களைத் தோட்டந்தோட்டமாகக் கேட்டுத் தொகுத்ததைப் போல, பாட்டிமாரின் தாலாட்டையும் ஒப்பாரியையும் முதலில் கைப்பேசியில் பதிந்து வையுங்கள். தகரக் கூரையில் மழை விழும் நேரத்தில் மட்டும் குரலைப் பதியாதீர்கள், ஒரு சொல்லும் கேட்காது.

பொகவந்தலாவ:
டீச்சர், பாட்டிமாரைக் கேட்கச் சொல்கிறீர்கள்; இன்று மலையில் நிற்கிற எங்களையும் கேட்கச் சொல்லுங்கள். நான் கொழுந்து பறிக்கிறவள். எங்கள் தோட்டத்துப் பையன்கள் 1000 ரூபாய் நாட்சம்பளத்தைப் பற்றிச் செய்த பாட்டை, கொழுந்து நிறுக்கும் இடத்தில் இடுப்பில் கட்டும் படங்கை அவிழ்த்துக்கொண்டே கேட்டோம். 2021இல் அந்தச் சம்பளம் வந்த பிறகு கிலோக் கணக்கு இறுகியதையும், குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், விழுவதையும், சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று தராசில் கழிப்பதையும் அதில் ஒரு வரிகூடச் சொல்லவில்லை. அட்டை கடித்த காலைப் பற்றி மட்டும் உருக்கமாக இருந்தது. பாட்டை நிறுத்தச் சொல்லி, அன்றைக்கு என் கொழுந்தில் கழித்ததை நிறை எழுதிய துண்டுச் சீட்டில் காட்டினேன். பெரிய பையன் அதைத் தன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டான். பாட்டில் அந்த இடம் இப்போது மாறியிருக்கிறது, எங்கள் பேச்சிலேயே இருக்கிறது. அடுத்த பாட்டில் ஒரு பகுதியை என் தங்கைக்குத் தருவதாகச் சொன்னார்கள். அவள் எழுதி முடித்துவிட்டாள், அவர்கள் இன்னும் கூப்பிடவில்லை.