மீன் வாலில் பஞ்சு மாதிரி வெள்ளை, தண்ணீரும் கலங்கல்: மொத்தமாக மாற்றிவிடலாமா?

தொட்டிக்குப்_புதுசு:
வணக்கம். வீட்டில் இரண்டடிக்கு ஓரடி தொட்டி, நான்கு ஒரண்டா (கோல்டு ஃபிஷ் வகை), ஒரு ஸ்பான்ஜ் ஃபில்டர். எட்டு மாதமாக ஒரு தொந்தரவும் இல்லை. போன ஞாயிறு விருந்தாளிகள் வருகிறார்கள் என்று தொட்டியை முழுக்கக் காலி செய்து, கல்லையெல்லாம் தேய்த்து, ஸ்பான்ஜைக் குழாயடியில் அழுக்கு போகும்வரை பிழிந்து, புதுத் தண்ணீர் ஊற்றினேன். பளிச்சென்று இருந்தது. புதன்கிழமைக்குள் அரிசி களைந்த தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது, ஒரு மீன் மூலையில் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு கிடக்கிறது, வால் கிழிந்து அதில் பஞ்சு ஒட்டினாற்போல் வெள்ளை. கடைக்காரர் நீல மருந்து கொடுத்தார், தொட்டியிலேயே ஊற்றிவிட்டேன். இப்போது தண்ணீர் நீலம், மீன் அப்படியேதான். இன்னொன்றுக்கு வாயைச் சுற்றியும் வெளுத்திருக்கிறது. எங்கள் அபார்ட்மென்டில் போர் தண்ணீரும் லாரித் தண்ணீரும் கலந்துதான் வரும்.

பழைய_மீன்காரன்:
ஐயோ, மறுபடியும் மொத்தமாக மாற்றாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கழுவி ஊற்றியது அழுக்கை மட்டுமல்ல. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா அந்த ஸ்பான்ஜிலும் கல்லிலும்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். அதோடு அந்த நீல மருந்து, மெத்திலீன் ப்ளூவாகத்தான் இருக்கும், மிச்சமிருந்ததையும் கொன்றிருக்கும். தொட்டி ஓரத்து சிலிக்கானில் ஏறிய நீலம் இனி போகாது, அது வேறு கதை. போர் தண்ணீரில் பிஎச் கூடுதலாக இருந்தால் அதே அளவு அம்மோனியா இன்னும் அதிக விஷம். பூஞ்சை தானாக வரவில்லை, மீன் தளர்ந்ததால் வந்தது. ஒரு அம்மோனியா டெஸ்ட் கிட் வாங்குங்கள், சென்னையில் இருந்தால் கொளத்தூரில் கிடைக்கும். தினமும் கால்வாசித் தண்ணீர் மட்டும் மாற்றுங்கள், ஆன்டி குளோரின் (குளோரினைப் போக்கும் மருந்து) போட்டு. தீனி இரண்டு நாளைக்கு வேண்டாம், கோல்டு ஃபிஷ் பட்டினியால் சாகாது.

கல்லுப்பு:
அண்ணன் சொன்னதோடு ஒன்று. வால் கிழிந்த மீனைத் தனி டப்பில் எடுங்கள், ஏர் ஸ்டோன் கட்டாயம். லிட்டருக்கு 2 கிராம் அயோடின் சேர்க்காத கல்லுப்பு, 10 லிட்டருக்கு 20 கிராம். ஒரேயடியாகக் கொட்டாமல் குவளையில் கரைத்து மூன்று தடவையாக ஊற்றுங்கள். உப்பு ஆவியாகப் போகாது, அதனால் எவ்வளவு தண்ணீர் மாற்றுகிறீர்களோ அதற்கு மட்டும்தான் திரும்ப உப்பு. நான் ஒருமுறை இது தெரியாமல் ஒவ்வொரு தடவையும் முழு அளவு போட்டுப் போட்டு மீனையே கருவாடாக்கப் பார்த்தேன். தொட்டியில் கோரிடோராஸ் என்கிற சின்னக் கெளுத்தி மீன் இருந்தால் இந்த உப்பு வேலையே வேண்டாம்.

பழைய_மீன்காரன்:
அந்த இன்னொரு மீனின் வாய் விஷயம் கொஞ்சம் பயமாக இருக்கிறது. நூல் நூலாகத் தண்ணீரில் ஆடினால் பூஞ்சை. சாம்பல் வெள்ளையாக, படை போலத் தோலோடு ஒட்டி இருந்தால் அது காலம்னாரிஸ், அது பாக்டீரியா. பேர்தான் வாய்ப் பூஞ்சை. நம் ஊர் வெயிலில் வேகமாகப் பரவும், நீல மருந்தை மட்டும் நம்ப முடியாது, பாக்டீரியாவுக்கான மருந்து வேண்டும். டார்ச் அடித்துப் பார்த்துச் சொல்லுங்கள். இரண்டுக்கும் ஒரே வலையைப் போடாதீர்கள்.

தொட்டிக்குப்_புதுசு:
கிட் வாங்கி வந்தேன், டெஸ்ட் குழாயில் தண்ணீர் பச்சையாகிவிட்டது, நிற அட்டையில் அம்மோனியா 2 காட்டுகிறது. டார்ச் அடித்தால் வாலில் இருப்பது ஆடுகிறது, வாயில் இருப்பது ஆடவில்லை. அப்படியானால் இரண்டு டப் வேண்டும், வீட்டில் துணி ஊறவைக்கிற ஒரு டப்தான் இருக்கிறது.

கல்லுப்பு:
சோப்புப் பட்ட டப் ஆகவே ஆகாது. இரண்டு புது பிளாஸ்டிக் பக்கெட் வாங்கிக்கொள்ளுங்கள். நண்பர் யாராவது தொட்டி வைத்திருந்தால், நோய் இல்லாத தொட்டியாகப் பார்த்து, ஃபில்டரில் ஓடிக்கொண்டிருக்கிற ஸ்பான்ஜ் ஒன்று கேளுங்கள், ஈரம் காயாமல் கொண்டுவந்து நீல நிறம் போன பிறகு உங்கள் தொட்டியில் போட்டால் பாக்டீரியா மறுபடி வளர ஆகும் ஒரு மாதக் காத்திருப்பு பாதியாகக் குறையும். அடுத்த தடவை ஸ்பான்ஜைத் தொட்டித் தண்ணீரிலேயே நாலு பிழி பிழியுங்கள், அவ்வளவுதான். நான்கு ஒரண்டாவுக்கு அந்தத் தொட்டி சின்னது என்பதைப் பிறகு பேசுவோம்.