செபத்தில் வறட்சி: நேரத்தைக் குறைக்காதீர்கள்

இயேசுவுக்கே புகழ்! செபம் வறண்டதும், அதாவது செபிக்கும்போது சுவையோ ஆறுதலோ இல்லாமல் போனதும், பலரும் முதலில் குறைப்பது நேரத்தைத்தான். 30 நிமிடம் 20 ஆகும், பிறகு 10, கடைசியில் "வேலை செய்வதும் செபம்தானே" என்று நின்றுவிடும். இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியார் தம் 'ஆன்மீகப் பயிற்சிகள்' நூலில் இதற்கு நேர்மாறாகச் சொல்கிறார்: வறட்சியில் முன்பு எடுத்த தீர்மானத்தை மாற்றாதே, குறித்த நேரத்தைவிடச் சற்றுக் கூடுதலாகவே இரு. அவர் பேசுவது ஒரு மணி நேரத் தியானத்தைப் பற்றி. பிள்ளைகுட்டியோடு இருப்பவர்கள் 15 நிமிடம் வைத்திருந்தால் 16 நிமிடம் உட்காருங்கள், போதும். எழுந்துவிடத் துடிக்கும் மனத்துக்கு அந்த ஒரு நிமிடமே பதில்.

அலாரம் வைத்துவிட்டுக் கைபேசியைக் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். மணி எப்போது அடிக்கும் என்று காத்துக் கிடந்ததாக, செபத்தைப் பற்றி நூல்கள் எழுதிய கார்மேல் சபைத் துறவி புனித அவிலா தெரேசாவே எழுதியிருக்கிறார். அலாரம் இருந்தால் அந்தக் கவலையாவது குறையும். உற்சாகமான நாட்களில் நேரத்தை இரட்டிப்பாக்கவும் வேண்டாம். வறட்சியில் முதலில் சரிவது அப்படி ஏற்றி வைத்த நேரம்தான்.

காரணத்தையும் பாருங்கள். நம் அசட்டை ஒன்று. ஆறுதல் இல்லாமலும் நாம் நிலைப்போமா என்று கடவுள் சோதிப்பது ஒன்று. ஆறுதல் அவர் கொடை என்று உணர்த்துவது ஒன்று. இது இஞ்ஞாசியார் கணக்கு. இதில் நாம் திருத்தக்கூடியது முதலாவது மட்டுமே. கடைசியாகப் பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவ அறிக்கை) செய்தது எப்போது, இரவு எத்தனை மணி வரை கைபேசி பார்க்கிறோம் என்று ஒருமுறை சோதியுங்கள். ஒன்றும் அகப்படவில்லையா, தோண்டுவதை நிறுத்திவிடுங்கள். தினமும் தன்னையே குற்றம் சாட்டிக்கொண்டிருந்தால் செப நேரம் அதிலேயே போய்விடும்.

*

மேலே சொன்னதோடு, அவிலா தெரேசா காலத்துக் கார்மேல் துறவி புனித சிலுவை யோவான் தரும் மூன்று அடையாளங்களையும் சேர்க்க வேண்டும். கடவுள் காரியத்திலும் சுவை இல்லை, உலகக் காரியத்திலும் சுவை இல்லை. அப்படியிருந்தும் 'நான் கடவுளுக்குச் சரியாக ஊழியம் செய்யவில்லையே' என்ற வேதனை விடாமல் இருக்கிறது. முன்போல் கற்பனை செய்து தியானிக்க முடியவில்லை. மூன்றும் சேர்ந்திருந்தால்தான் அது அவர் 'இருள்' என்று சொல்லும், கடவுளே தரும் வறட்சி. செபம் மட்டும் கசக்கிறது, சீரியல் இனிக்கிறது என்றால் அது அசதி. முந்தைய ஒழுங்குக்குத் திரும்புவதே மருந்து. மூன்றும் இருந்தால் மனத்தைக் கசக்கிப் பிழிய வேண்டாம். அன்போடு கடவுள்முன் சும்மா இருந்தால் போதும். தூக்கம், பசி எல்லாம் கெட்டுப்போயிருந்தால் மருத்துவரையும் பாருங்கள். மருத்துவரிடம் போவது அவநம்பிக்கை என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

*

சொற்களே வராத நாளுக்கு ஒரு வழி. பிரான்சின் லிசியே மடத்துத் துறவி புனித குழந்தை தெரேசா வறட்சியில் 'விண்ணகத் தந்தையே' செபத்தையும் 'அருள் நிறைந்த மரியே'யையும் மிக மெதுவாகச் சொல்வாராம். ஒரு மூச்சுக்கு ஒரு சொற்றொடர் என்று வைத்துக்கொண்டால் வேகம் தானாகக் குறையும். அவிலா தெரேசா 18 ஆண்டுகள், நற்கருணை வாங்கிய நேரம் தவிர, கையில் புத்தகம் இல்லாமல் செபிக்கத் துணிந்ததில்லை. நாமும் முந்தின இரவே நற்செய்தியில் 10 வசனத்தைக் குறித்து வைக்கலாம். வறட்சியில் விவிலியத்தைப் புரட்டிப் பகுதி தேடினால் பாதி நேரம் அதிலேயே கரைந்துவிடும். திருப்பாடல் 13, 42, 88 இந்த நிலைக்கென்றே இருப்பவை. 88 இருளிலேயே முடிகிறது. அதை அப்படியே செபிக்கத் திருச்சபை நம் கையில் கொடுத்திருக்கிறது.

பராக்கு, அதாவது கவனச் சிதறல், வந்தால் துரத்திக்கொண்டு போகாதீர்கள். அதுவே இரண்டாவது பராக்கு. கவனித்ததும் விட்ட சொல்லுக்குத் திரும்புங்கள், 40 தடவையானாலும்.

அன்னை தெரேசா பல பத்தாண்டுகள் இந்த இருளில் இருந்தது 2007இல் வெளியான கடிதங்களில் எல்லாருக்கும் தெரிந்தது. அந்தக் காலத்திலும் அவர் அதை ஆன்ம வழிகாட்டிகளிடம் சொல்லிக்கொண்டேதான் இருந்தார். நீங்களும் பங்குச் சாமியாரிடமோ தியான இல்லத்திலோ சொல்லுங்கள். எப்போது தொடங்கியது, குறித்த நேரம் நிற்கிறதா, வீட்டில் உள்ளவர்களிடம் பொறுமை கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று சொன்னால் அவருக்குப் பிடிபடும். மூன்றாவது கேள்விக்கான பதிலை வீட்டாரிடமே கேட்டுக்கொண்டு போவது நல்லது.