காசு கட்டினா கூகுள்ல முதல் இடம் வருமா? ஹப்புத்தளை ஹோம்ஸ்டே சைட் பத்தி ஒரு கேள்வி

மூடுபனி:
வணக்கம். எங்க மாமா ஹப்புத்தளையில வீட்டோட மூணு ரூம் டூரிஸ்ட்டுக்கு விடுறாரு, போன வருஷம் ஒருத்தர்ட்ட குடுத்து வேர்ட்பிரஸ்ங்கிற சைட் செய்யிற மென்பொருள்ல சைட் ஒன்னும் செஞ்சாச்சு. கூகுள்ல எங்க ஹோம்ஸ்டே பேரை அப்படியே அடிச்சாலும் சைட் வருதில்ல, எங்க ஃபேஸ்புக் பேஜ் மட்டுந்தான் வருது. இப்ப கண்டியில இருந்து ஒரு ஆள் பேசுறாரு, மாசம் 25,000 ரூபா குடுத்தா முதல் இடம் கேரண்டியாம். மெட்டா கீவேர்ட்னு சைட்டுக்குள்ள மறைவா எழுதுற சொல் பட்டியல்ல எல்ல, நுவரெலியா, பதுளைன்னு நூத்துக்கணக்குல போடணுமாம், பேக்லிங்க், அதாவது மத்த சைட்ல இருந்து நம்ம சைட்டுக்கு வர்ற லிங்க், ஆயிரம் வாங்கணுமாம், விளம்பரத்துக்கு காசு கட்டுற சைட்டைத்தான் கூகுள் மேல தூக்குமாம், அதோட வீட்ல எல்லாரும் டெய்லி தேடி க்ளிக் பண்ணணுமாம். மாமா அட்வான்ஸ் குடுக்க ரெடியா நிக்கிறாரு. இதுல எது உண்மைங்க?

பண்டாரவளைக்காரன்:
தம்பி, மொதல்ல மாமாவ நிப்பாட்டுங்க. முதல் இடத்துக்கு யாராலயும் கேரண்டி குடுக்க ஏலாது, அப்படி சொல்றவங்ககிட்ட கவனமா இருங்கன்னு கூகுளே அதோட உதவிப் பக்கத்துல எழுதி வச்சிருக்கு. மெட்டா கீவேர்ட்டை ரேங்கிங்குக்கு, அதான் முடிவுகளை வரிசைப்படுத்துறதுக்கு, பாக்குறதே இல்லன்னு 2009லயே வெளிப்படையா சொல்லிட்டாங்க, அதை இன்னும் நம்ம ஆக்கள்ட்ட விக்கிறாங்கன்னு கேக்குறப்ப உண்மையாவே கோவம் வருது, மூணு ரூம் வச்சிருக்கிற மனுசனுக்கு 25,000ங்கிறது சும்மா காசா? விளம்பரம் வேற, தேடல் முடிவு வேற. காசு கட்டினா விளம்பரம்னு போட்டு தனியா காட்டுவாங்க, காசு நின்னா அதுவும் போயிரும், சாதாரண வரிசையில அதால ஒரு படி கூட ஏறாது.

பேக்லிங்க் விசயத்துல பாதி உண்மை இருக்கு, அதாலதான் ஏமாத்துறது லேசு. 1998ல லாரி பேஜும் செர்கேய் பிரின்னும் கூகுளை ஆரம்பிச்சப்ப, ஒரு பக்கத்துக்கு யார் யார் லிங்க் குடுக்கிறாங்க, குடுக்கிற பக்கம் எவ்வளவு முக்கியமானதுன்னு கணக்கு போட்டாங்க, அதுக்குப் பேரு பேஜ்ரேங்க். ஒடனே லிங்க் விக்கிற யாவாரம் ஆரம்பிச்சிருச்சு. அதைப் பிடிக்க 2012ல பெங்குயின்னு ஒரு அப்டேட் விட்டாங்க, எத்தனையோ சைட் சரிஞ்சு போச்சு. 2016க்குப் பொறகு இந்த மாதிரி லிங்க்கை பெரும்பாலும் கணக்குலயே எடுக்கிறதில்ல. ஆயிரம் லிங்க் வாங்கினா காசுதான் போகும்.

அட்டன்_அக்கா:
அந்த டெய்லி க்ளிக் பண்ற வேலையையும் விட்ருங்க தம்பி. நீங்க இருக்கிற எடம், முன்னாடி தேடினது எல்லாத்தையும் பொறுத்து முடிவு மாறும், ஒங்க போன்ல மேல வந்தா ஜெர்மனியில இருக்கிறவனுக்கும் அப்படியே வரும்னு இல்ல. ஆனா ஒன்னு, பேரை அடிச்சும் வரலன்னா அது ரேங்கிங் பிரச்சின மாதிரி தெரியல, கூகுள் சேத்து வச்சிருக்கிற பக்கங்களோட பட்டியல், அதான் இன்டெக்ஸ், அதுலயே ஒங்க சைட் இல்லாம இருக்கலாம். ஒங்க சைட்டை கூகுள் சேத்திருக்கான்னு காட்டுற சர்ச் கன்சோல்னு ஒரு கூகுள் கருவி ஃப்ரீயா இருக்கு, அதுல ஒங்க முகவரியை போட்டு பாருங்க. கூகுள் மேப்ல வர்ற பிசினஸ் புரொஃபைலும் ஃப்ரீதான், அங்க பாக்குறது தேடினதுக்கு பொருந்துதா, எவ்வளவு தூரம், எடம் எவ்வளவு தெரிஞ்ச எடம், இந்த மூணுதான். வந்து தங்கினவங்கள்ட்ட ரிவியூ எழுதச் சொல்லுங்க, காசு குடுத்து எழுத வச்சிராதீங்க.

மூடுபனி:
அக்கா, பாத்தேன். "நோஇன்டெக்ஸ்" டேக் இருக்கிறதால சேக்கலன்னு காட்டுது. இது என்னாங்க?

பண்டாரவளைக்காரன்:
ஆ, அக்கா சொன்னது சரி. நோஇன்டெக்ஸ்னா இந்தப் பக்கத்தை பட்டியல்ல சேக்காதன்னு கூகுளுக்கு சொல்ற குறி. வேர்ட்பிரஸ் செட்டிங்ஸ்ல ரீடிங்னு ஒரு பக்கம் இருக்கு, அதுல அடியில சர்ச் என்ஜின் இந்த சைட்டை இன்டெக்ஸ் பண்ண வேணாம்னு ஒரு சின்ன டிக் பெட்டி. சைட் செய்யிறப்ப டிக் போட்டுட்டு எடுக்காம குடுத்திருப்பாங்க, அது இருக்கிற வரைக்கும் எவ்வளவு காசு கொட்டினாலும் வராது. டிக்கை எடுத்து சேவ் பண்ணிட்டு, சர்ச் கன்சோல்ல இன்டெக்ஸ் பண்ணச் சொல்லி கேளுங்க, சில நாளும் ஆகலாம், சில வாரமும் ஆகலாம்.

பொறகு சைட்ல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க. ரூம் வெலை, சாப்பாடு எல்லாம் ஒரே போட்டோவுக்குள்ள டிசைன் பண்ணி போட்ருந்தா அதை எழுத்தா மாத்துங்க. வர்றவங்க கேக்குறது என்ன, லிப்டன் சீட் வியூ பாயிண்டுக்கு காலையில எத்தன மணிக்கு கெளம்பினா மூடுபனிக்கு முந்தி பாக்கலாம், தம்பேதன்னை டீ ஃபேக்டரி வரைக்கும் பஸ் இருக்கா, அங்கருந்து மேல நடக்கிற 7 கிலோமீட்டர் எப்படி இருக்கும், இதத்தான? இது மாமாவுக்கு தெரிஞ்ச அளவு கண்டியில இருக்கிற ஆளுக்கு தெரியாது, அவரை சொல்லச் சொல்லி நீங்க டைப் பண்ணுங்க, இங்கிலீஷ்லயும் போடுங்க. போன்ல ஒழுங்கா திறக்குதான்னும் பாத்துக்கங்க, கூகுள் இப்ப போன்ல தெரியிற பக்கத்தத்தான் படிக்குது.

மூடுபனி:
டிக் இருந்துச்சுண்ணே, எடுத்தாச்சு. வெலையெல்லாம் போட்டோவுலதான் இருக்கு, இன்னைக்கு ராவைக்கு மாமாவோட உக்காந்து எழுதுறேன். அட்வான்ஸ் குடுக்கல.