மூணு மாசத் தனிமையும் அப்பா கொண்டு வந்த சீஸும்

டேப்ரிக்கார்டர் தாத்தா:
நேத்து பனித்துளி எழுதின பதிவுல ஒரு வரி: "மூன்று மாதம் மனித முகமே பாராமல், தன்னந்தனியாக ஒரு முழு ஆல்பத்தையும் செய்து முடித்தார்." அமெரிக்கப் பாடகர் ஜஸ்டின் வெர்னன் 'போன் ஈவேர்'ங்கற பேர்ல போட்ட 'ஃபார் எம்மா, ஃபாரெவர் அகோ' ஆல்பம் பத்தி. படிச்சதுலேர்ந்து எரிச்சல் அடங்கலை. வெர்னன் தங்கினது விஸ்கான்சின் மாநிலத்துல அவங்க அப்பாவோட வேட்டைக் குடில்ல. சொந்த ஊர் ஓ கிளேர்லேர்ந்து கார்ல போய் வர்ற தூரம். அப்பா நடுநடுவுல வந்து பீரும் சீஸும் குடுத்துட்டுப் போயிருக்கார். அப்பாவுக்கு முகம் கிடையாதா?

பனித்துளி:
9 பாட்டு, 37 நிமிஷம், அத்தனையையும் விட்டுட்டு சீஸைப் பிடிச்சுக்கிட்டீங்க. ராலே நகரத்துல இருந்தப்ப அவரோட மியூசிக் பேண்ட் உடைஞ்சுது, காதலும் போச்சு, மோனோ காய்ச்சல் வந்து கல்லீரல் வரைக்கும் படுத்திருச்சு. அந்த நிலைமையில ஒருத்தன் 2006 குளிர்காலத்துல காட்டுக் குடிலுக்குள்ள போய் உக்காந்தா அதுக்குத் தனிமைன்னு பேர் இல்லாம என்னவாம்?

டேப்ரிக்கார்டர் தாத்தா:
சீஸ் கொண்டு வந்தது யார்? அதுக்குப் பதில் சொல்லுங்க.

செவிக்குணவு:
முதலில் 'தனிமை' என்று எதைச் சொல்கிறோம் என முடிவு செய்துகொள்ளலாமே. ஆளில்லாத நிலையா, மனத்தின் நிலையா?

நைலான் தந்தி:
நான் கிடார் வாசிக்கிறவன், அதனால சொல்றேன். ஒரு ஷ்யூர் எஸ்எம்57 மைக், பழைய மேக் கம்ப்யூட்டர், ரெண்டு மூணு கிடார். பொய்க்குரல்ல பாடி, அது மேலயே திரும்பத் திரும்பப் பாடி, ஒரே ஆள் ஒரு கோரஸையே கட்டி எழுப்பியிருக்கார். வரிகூட அப்புறம்தான். முதல்ல வார்த்தையே இல்லாம பாடிப் பதிஞ்சுட்டு, அந்த ஒலியைக் கேட்டுக் கேட்டு அதுக்குப் பொருந்துற சொல்லை வெச்சிருக்கார். நம்ம ஊர் தத்தகாரம்தான், ஆனா தனனா பாடினவரும் வரி எழுதினவரும் ஒருத்தரே. இதைவிட என்ன தனிமை வேணும்?

டேப்ரிக்கார்டர் தாத்தா:
நல்லா விளக்குனீங்க. எம்மா பாட்டுல ட்ரம்பெட், ட்ராம்போன் கேக்குதே, அதை ஊதினது யார்? அவர் சுட்டுத் தின்ன மானா?

நைலான் தந்தி:
அது பிற்பாடு சேர்த்தது. குடில்ல ஊதலை.

டேப்ரிக்கார்டர் தாத்தா:
ஆக "முழு ஆல்பமும்" பொய், "மனித முகமே"வும் பொய். மிச்சம் என்ன இருக்கு? சீஸ் இருக்கு.

வைகைக்கரை மாப்ள:
நானும் பாண் ஐவர் ரசிகன்தான். அந்த ஆல்பத்துல வர்ற ஸ்கின்னி லவ் பாட்டு கேக்காம தூங்குறதே இல்ல. எதுக்கு இம்புட்டுச் சண்டை?

டேப்ரிக்கார்டர் தாத்தா:
ஐவரா? பாண்டவர் அஞ்சு பேரும் குடில்ல இருந்தாங்கன்னா தனிமைக்கு எங்கய்யா போறது? அது ஈவேர். நல்ல குளிர்காலம்னு பிரெஞ்சுல வாழ்த்தறது, எழுத்தை மட்டும் மாத்தி வெச்சுக்கிட்டார்.

வைகைக்கரை மாப்ள:
பேரு சொல்லத் தெரியாதவன் பாட்டு கேக்கக் கூடாதாக்கும்.

ஸ்காபரோ தம்பி:
நான் இஞ்ச பனிக்குள்ள இருக்கிறன், எனக்கு விளங்குது. தை மாசம் கொட்டினா காருக்கு வழி வெட்டவே அரை நாள் போயிடும். தகப்பன் வந்தவர் எண்டா ஒரு மணித்தியாலம் நிண்டிருப்பார். மிச்ச நாள் முழுக்கப் பெடியன் தனியத்தானே?

டேப்ரிக்கார்டர் தாத்தா:
ஒரு மணித்தியாலம் ஆனாலும் முகம் முகம்தான் தம்பி. பதிவுல "முகமே பாராமல்"னு ஏகாரம் போட்டு எழுதியிருக்கு. 'மே'வை எடுத்தா நானும் போயிடறேன்.

பனித்துளி:
எடுக்க மாட்டேன்.

டேப்ரிக்கார்டர் தாத்தா:
தெரியும். அமெரிக்க ராக் பாடகர் ஸ்பிரிங்ஸ்டீன் 1982-ல வந்த 'நெப்ராஸ்கா' ஆல்பத்தை வீட்டுல உக்காந்து 4 தடம் உள்ள கேசட் மெஷின்ல பதிஞ்சார். அவரை யாரும் சன்னியாசி ஆக்கலை. தாடியும் பனியும் சேர்ந்தா மட்டும் உங்களுக்கு முனிவர் தெரிஞ்சுடறார். 2007-ல வெர்னனே 500 சிடி அடிச்சப்ப இந்தக் குடில் கதை உங்க காதுக்கு வந்துச்சா? 2008-ல ஜாக்ஜாகுவார் இசைக் கம்பெனி வெளியிட்ட பிறகு விமர்சனம் எழுதினவன் ஒவ்வொருத்தனும் குடிலை ஒரு அடி காட்டுக்குள்ள தள்ளினான். நீங்க இன்னும் பத்தடி தள்ளுறீங்க.

நைலான் தந்தி:
நெப்ராஸ்காவுக்கும் மெஷினை வாங்கி வெச்சு ஓட்டினது அவர்கிட்ட வேலை பார்த்த ஆள். உங்க கணக்குப்படி அதுவும் தனிமை இல்லை.

டேப்ரிக்கார்டர் தாத்தா:
அது தனிமைன்னு நான் எங்க சொன்னேன்? பேச்சை மாத்தாதீங்க.

செவிக்குணவு:
வெர்னன் பாடும் இந்த இசையை நாட்டுப்புற இசை என்று தமிழில் எழுதுவதையாவது யாராவது நிறுத்துங்கள். எந்த நாடு, எந்தப் புறம்? ஒப்பாரி வைக்கிறவர் ஊரை விட்டு ஓடிப்போய்ப் பாடுவதில்லை, ஊர் நடுவில் உட்கார்ந்து பாடுகிறார்.

வைகைக்கரை மாப்ள:
இப்ப எங்க ஊரு ஒப்பாரி எதுக்கு உள்ள வந்துச்சு?

பனித்துளி:
தாத்தாவுக்கு எது மேலயும் ஒரு குத்தம் வேணும். 2012-ல போன் ஈவேருக்குக் கிடைச்ச கிராமி பத்தி போன வருஷம் நான் எழுதினப்பவும் இப்படித்தான் ரெண்டு நாள் நின்னார்.

டேப்ரிக்கார்டர் தாத்தா:
நின்னேன். ஆல்பம் வந்து அஞ்சு வருஷம் கழிச்சுப் புதுமுக விருது குடுத்தா நிக்காம என்ன செய்ய? அன்னிக்கும் நீங்க "சரியான நேரத்தில் கிடைத்த அங்கீகாரம்"னு எழுதினீங்க. இன்னிக்கு வரைக்கும் திருத்தலை.

பனித்துளி:
உங்க பேர்ல டேப்ரிக்கார்டர் இருக்கு, ஆனா ஓட்டுறது எம்பி3ன்னு போன தடவை நீங்களே உளறினீங்க. அதை நான் இழுத்தேனா?

டேப்ரிக்கார்டர் தாத்தா:
இப்ப இழுத்துட்டீங்களே. ரெண்டு ஸ்பூல் மெஷின் வீட்டுல இருக்கு, பெல்ட் போயிடுச்சு, அவ்வளவுதான்.

ஸ்காபரோ தம்பி:
பெல்ட் இஞ்ச எடுக்கலாம் ஐயா. என்ன மொடல்?

டேப்ரிக்கார்டர் தாத்தா:
தனியா மெசேஜ் பண்றேன் தம்பி. பனித்துளி, அந்த 'மே' இன்னும் அங்கேயே இருக்கு, பார்த்துட்டுத்தான் இருக்கேன்.

பனித்துளி:
இப்ப "மனித முகமே, மனிதக் குரலே பாராமல்"னு மாத்திட்டேன். போய்ப் பாருங்க.

டேப்ரிக்கார்டர் தாத்தா:
குரலைப் பாராமலா?