ரிஸ்பெரிடோன்: ஆண்மைப் பாதிப்பை முதலிலேயே சொல்ல வேண்டுமா?

பகலவன்:
தம்பி மனநோய்க்கு ரிஸ்பெரிடோன் மாத்திரை சாப்பிடுகிறான். காதில் குரல் கேட்பது நின்றுவிட்டது. ஆனால் மார்பு பெருத்து, தொட்டால் வலிக்கிறது. யார் முன்னாலும் சட்டையைக் கழற்ற மாட்டேன் என்கிறான். இப்படி ஆகலாம் என்று டாக்டர் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டாமா?

நெய்தல்:
சொன்னால் எத்தனை பேர் மாத்திரையைத் தொடுவார்கள்? "ஆண்மை போய்விடும்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு என் அண்ணன் நிறுத்தினார். பழையபடி சந்தேகம், தூக்கமின்மை. ஒரு நாள் வீட்டை விட்டே போய்விட்டார். நோய் முற்றிய நேரத்தில் உயிர்தான் முதலில்.

மருந்துக்கடை:
நடப்பது இதுதான். மூளையில் டோபமைன் என்ற இரசாயனம், பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோனை அடக்கி வைத்திருக்கிறது. ரிஸ்பெரிடோன் டோபமைனின் வேலையைத் தடுப்பதால் புரோலாக்டின் ஏறுகிறது, ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் இறங்கலாம். ஆசை குறையும், விறைப்பு தளரும், சிலருக்கு மார்பு வளரும். பகலவன் சார், இரத்தத்தில் புரோலாக்டின் பார்க்கச் சொல்லுங்கள். டாக்டர் அளவைக் குறைக்கலாம், அரிப்பிப்ரசோல் என்ற வேறு மனநோய் மருந்துக்கு மாற்றலாம் அல்லது அதைச் சேர்த்துத் தரலாம். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மார்பு வளர்ந்து நாளாகிவிட்டால் மருந்தை மாற்றினாலும் முழுதாக வற்றாமல் போகலாம். அதனால் தள்ளிப்போட வேண்டாம்.

பகலவன்:
பார்த்தீர்களா அக்கா, முன்பே தெரிந்திருந்தால் ஆரம்பத்திலேயே டாக்டரிடம் ஓடியிருப்போம். 2019இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் இதே மருந்து வழக்கில், அதைத் தயாரித்த ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் 800 கோடி டாலர் கட்ட வேண்டும் என்று ஜூரி சொன்னது. சிறுவனாக இருந்தபோது மருந்து சாப்பிட்டு மார்பு வளர்ந்தவர் போட்ட வழக்கு. சரியாக எச்சரிக்கவில்லை என்பதே குற்றச்சாட்டு.

நெய்தல்:
அதை நீதிபதி பிறகு 68 லட்சம் டாலராகக் குறைத்தாரே, அதையும் சொல்லுங்கள். அப்புறம், மனநோயே ஆசையைக் கெடுக்கும். சர்க்கரை, சிகரெட், குடி எல்லாம் கெடுக்கும். பழியெல்லாம் மாத்திரைக்கா?

பகலவன்:
அதனால்தான் ஆரம்பிக்கும் முன்பே கேட்டு எழுதி வைக்க வேண்டும் என்கிறேன். முன்பு எப்படி இருந்தது என்று தெரியாமல் எது நோய், எது மருந்து என்று எப்படிப் பிரிப்பது? ஆண்கள் வெட்கப்பட்டுச் சொல்ல மாட்டார்கள். சொல்லாமலே மாத்திரையை ஜன்னல் வழியே எறிவார்கள். உங்கள் அண்ணனிடம் டாக்டரே முதலில் பேசியிருந்தால், யாரோ சொன்னதை நம்பியிருப்பாரா?

நெய்தல்:
நம்பியிருக்க மாட்டார் என்றும் சொல்ல முடியாது. குரல் அடங்கிய பிறகு, தெளிவாக இருக்கும்போது சொல்லட்டும்; அதை ஒத்துக்கொள்கிறேன். முதல் நாளே வேண்டாம்.

மருந்துக்கடை:
முதல் நாள் முடியாவிட்டால் கூட வருபவரிடமாவது சொல்லலாமே அக்கா.